குழந்தைகட்குத் தேவதைப் படநூல் தெரிதல்

எழுத்தறியாக் குழந்தைக்கு நூல் வாங்கப் புகுவோர், நூலைக் கையில் எடுத்ததும் எழுத்தைப் படித்துப் பார்க்கின்றனர். கதை நல்லதா, நீதி உண்டா, சொற்பிழை இல்லையா என ஆராய்கின்றனர். படங்களையோ ஒருமுறை புரட்டிப் பார்த்து, வண்ணம் பளிச்சென்று இருந்தால் மனம் அமைகின்றனர். இம்முறை தலைகீழானது என்பது எம் துணிபு. மூன்று வயதுக் குழந்தைக்குப் படமே நூல். எழுத்தென்பது, மடியில் இருத்திப் படிப்போர் வாயினின்று எழும் ஓசையேயாம். ஓசை அடங்கிவிடும், படம் அன்றிரவும் மறுநாளும் அதன் கையிலேயே இருக்கும்.

படநூல்கள் பலவற்றுள்ளும் தேவதைக் கதை நூல்களையே ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பசுவைத் தவறாக வரைந்த நூலொன்று குழந்தையின் கையில் அகப்படின் பெருங்கேடு விளைந்துவிடாது. தெருவிற் செல்லும் பசு அப்பிழையைத் திருத்திவிடும். பனைமரத்தைத் தென்னைபோல வரைந்திருப்பின் ஏரிக்கரைப் பனை அதனை மறுத்துரைக்கும். தேவதையோ தெருவில் வருவதில்லை. அதனை மறுத்துரைக்கவும் ஒப்பு நோக்கவும் உலகில் வேறொன்றும் இல்லை. எனவே முதன்முதற் கண்ட படம் எதுவோ அதுவே தேவதை என்று குழந்தையின் நெஞ்சில் நிலைத்துவிடும்.

இஃது எத்துணை உண்மை என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டுவோம். யார்க்சயர்ப் பகுதியிலுள்ள காட்டிங்லி என்னும் சிற்றூரில், 1917-ஆம் ஆண்டு, எல்சி ரைட் என்னும் பதினாறு வயதுப் பெண்ணும், அவள் உறவினளாகிய பிரான்சிஸ் கிரிபித்ஸ் என்னும் ஒன்பது வயதுச் சிறுமியும், தம் வீட்டின் பின்னுள்ள ஓடைக்கரையிலே தேவதைகளைக் கண்டதாகக் கூறி, அவற்றின் ஒளிப்படமும் எடுத்துக் காட்டினர். துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற சர் ஆர்தர் கானன் டாயில் அவற்றை மெய்யென நம்பி, 1920-இல் ஸ்ட்ராண்ட் இதழில் வெளியிட்டார். உலகமே வியந்தது. அவ்விருவரும் முதுமை எய்திய பின்னர், 1983-இல், உண்மை வெளியாயிற்று. தேவதைகள் அட்டையில் வரைந்து வெட்டப்பட்டவை. தொப்பியில் செருகும் ஊசிகளால் நிறுத்தப்பட்டவை. அவ்வுருவங்களை அவர்கள் எங்கிருந்து பெற்றனர்? 1914-இல் வெளிவந்த சிறுவர் பரிசு நூலொன்றில் நடனமாடும் பெண்களின் படத்தைப் பார்த்து வரைந்து, சிறகு மட்டும் தாம் சேர்த்தனர். அப்பரிசு நூலில் கானன் டாயிலின் கதையொன்றும் இடம்பெற்றிருந்தது என்பது நகைப்பிற்குரியது. ஓடைக்கரையில் வாழ்ந்த பெண்ணுக்கே தேவதையின் உருவம் ஓடையினின்று கிடைக்கவில்லை, படநூலினின்றே கிடைத்தது.

நிற்க. எம்மூராகிய சோழவரம், சென்னையினின்று வடக்கே கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது. சென்னை மக்கட்குக் குடிநீர் அளிக்கும் ஏரிகளுள் ஒன்று எம்முடையது. சாலையில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் சரக்குந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. இவ்வூர்க் குழந்தையொன்றின் கைக்குத் தேவதைக் கதை நூல் எவ்வழி வருகின்றது? சாலையோரக் கடையில், பென்சிலும் பலூனும் தொங்குமிடத்தில், வழவழப்பான அட்டையுடன் கூடிய மெல்லிய நூலொன்று தொங்கும். அதனுள் உள்ள தேவதைக்குப் பால்போன்ற நிறம், பொன்னிறக் கூந்தல், நீலக்கண். அந்நூலிலேயே சூனியக்காரியும் உண்டு. அவளுக்குக் கரிய நிறம், கரிய கூந்தல், கரிய ஆடை.

விடுமுறை மாலைகள் சிலவற்றில் யாம் எம்மூர்ச் சிறுவர் சிலரைக் கூட்டி நூல் படித்துக் காட்டியதுண்டு. ஒருநாள் வண்ணக்கோல்களைக் கொடுத்துத் தேவதை வரையச் சொன்னோம். மஞ்சட்கோலுக்குப் பெருஞ்சண்டை மூண்டது. கூந்தலுக்கு அதுவன்றி வேறு ஆகாதாம். கறுப்புக்கோல் கிடந்தவாறே கிடந்தது. பிறகு சூனியக்காரியை வரையச் சொன்னபோதுதான் அதனைத் தேடினர். ஐந்து வயதுச் சிறுமியொருத்தி முகத்தைக் கறுப்பாகத் தீட்டி முடித்து, தன் முன்கையை அதனருகே வைத்து ஒருகணம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பார்வையே இக்கட்டுரையை எழுதுவித்தது.

இது தனியொரு குழந்தையின் செய்தி மட்டும் அன்று. அமெரிக்க நாட்டில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளநூல் வல்லுநர்கள், கணவனும் மனைவியுமாவர், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொம்மைகளைக் கொண்டு ஆய்வொன்று செய்தனர். கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி, நல்ல பொம்மை எது என்று வினவியபோது, பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். பள்ளிகளில் நிறம்பற்றிப் பிள்ளைகளைப் பிரித்தல் ஆகாதென்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பில் இவ்வகை ஆய்வுகள் சான்றாகக் கொள்ளப்பட்டன. நம் நாட்டில் நிறவேறுபாட்டைச் சட்டம் விதிக்கவில்லை. பத்திருபது ரூபாய்ப் படநூல் அதனைச் சத்தமின்றிக் கற்பித்துவிடுகின்றது. ஆதலின் நூல் தெரிவோர் முதற்கண் நோக்க வேண்டுவது இது: இந்நூலில் நல்லார் முகம் எந்நிறம்? தீயார் முகம் எந்நிறம்? விடை ஒரே வகையாக இருப்பின் அந்நூலை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

அங்ஙனமாயின் தேவதைக்குச் சேலை உடுத்திக் கூந்தலில் மல்லிகை சூட்டிவிட்டால் அமையுமோ எனின், அமையாது. அத்தகைய நூல்களும் கடைகளில் உண்டு. முகமும் நிறமும் பழையனவாகவே இருக்க, உடை மட்டும் மாறியிருக்கும். அதனினும், மேலைநாட்டார் தம் கதையைத் தம் நாட்டு உடையிலேயே நேர்மையாக வரைந்த நூல் நூறு மடங்கு மேல்.

உண்மையில் தேவதை என்றாலே சிறகுள்ள பெண் என்பது மேலைநாட்டுக் கதைகளிலும் உறுதியன்று. சிண்டரெல்லா கதையைப் பிரெஞ்சு மொழியில் பெரோ என்பார் 1697-இல் வெளியிட்டபோது, பூசணிக்காயைத் தேராக்கித் தருபவள் தேவதையாகிய அவள் ஞானத்தாய். செருமன் நாட்டுக் கிரிம் உடன்பிறப்பினர் வெளியிட்ட அதே கதையில் தேவதையே இல்லை. இறந்த தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும், அதில் வந்தமரும் வெண்பறவையுமே அவளுக்கு ஆடை தருகின்றன. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று கேட்பின், யாம் மரத்தின் பக்கமே நிற்போம். தாயின் அன்பு மரமாய் நின்று காக்கின்றது என்பதைச் சொல்லால் விளக்கினாற் குழந்தைக்கு விளங்காது. மரத்தை வரைந்து காட்டினால் விளங்கும்.

நம்மிடத்தோ தேவதைகட்குக் குறைவில்லை. திருமுருகாற்றுப்படையில் மலைச்சாரலில் ஆடிப்பாடும் சூரர மகளிரைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். தொண்டைநாட்டு ஏரிக்கரைகள் பலவற்றில் ஏழு கற்களை வரிசையாக நட்டுக் கன்னிமார் என்பர். இரவில் அவர் எழுவரும் நீராட வருவர் என்பது ஊரார் கூறும் கதை. வழிபாட்டைப் பற்றி யாம் ஈண்டுப் பேச வந்தோமல்லேம். நிலாக்காலத்து நீரில் எழுவர் இறங்கும் அக்காட்சி ஓவியன் ஒருவனுக்கு எத்துணை விருந்து என்பதையே நினைக்கின்றோம். விக்கிரமாதித்தன் கதையிலோ சிம்மாசனத்தின் முப்பத்திரண்டு பதுமைகளும் வாய்திறந்து கதை சொல்கின்றன. பெரிய எழுத்துப் பதிப்பாக அந்நூல் படங்களோடு ஊர்தோறும் விற்கப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்போரும் படத்தைத் துணையாகக் கொண்டு படித்தனர். நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணியை நடேச சாஸ்திரியார் 1880-ஆம் ஆண்டுகளிலேயே தொடங்கினார். மதனகாமராசன் கதையை ஆங்கிலத்தில் 1886-இல் வெளியிட்டவரும் அவரே. நம் காலத்தில் கி. ராஜநாராயணன் அப்பணியைப் பெருக்கினார்.

இவையனைத்தினும் எம் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது மணிமேகலை. உறங்கும் பெண்ணை ஒரு தெய்வம் தழுவி எடுத்துக்கொண்டு வான்வழியே முப்பது யோசனை சென்று, கடல்நடுவிலுள்ள தீவொன்றில் வைத்துச் செல்கின்றது. அங்கே பழம்பிறப்பை உணர்த்தும் பீடிகை ஒன்று. ஆண்டிற்கு ஒருநாள் நீரினின்று மேலெழும் பாத்திரம் ஒன்று. அப்பாத்திரத்தில் எடுக்க எடுக்கச் சோறு குறையாது. கிரிம் தொகுத்த கதைகளிலும், ஏழைச் சிறுமியொருத்திக்கு முதியவள் ஒருத்தி கொடுத்த கஞ்சிப் பானை உண்டு. சொன்னால் சமைக்கும், நிறுத்தச் சொல்லும் சொல்லை அறியாத தாயால் ஊர்த்தெருவெல்லாம் கஞ்சியாகின்றது. அது சிரிக்க வைக்கும் கதை. அமுதசுரபியோ ஊரார் பசியைத் தீர்க்கும் கதை. இரண்டையும் ஒருசேர ஒரு குழந்தைக்குக் காட்டினால், பசி என்பது எந்நாட்டிலும் ஒன்றே என்பது சொல்லாமலே விளங்கிவிடும். பழங்காவியத்தைச் சுருக்கிப் பெரியோர்க்கு உரைநடை எழுதுவோர் மலிந்துள்ளனர். நாலு வயதுக் குழந்தைக்கு அதனை முப்பது பக்கத்தில் வரைந்து காட்டுவோர் எண்ணிக்கை பெருக வேண்டும்.

இனி, தேவதைக் கதைக்குப் படமே வேண்டா என்பாரும் உளர். அவருள் தலையாயவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன். தேவதைக் கதைகளைப் பற்றி 1939-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவு 1947-இல் விரிந்த கட்டுரையாக அச்சேறியது. படங்கள் எத்துணை அழகியவாயினும் இவ்வகைக் கதைக்கு நன்மை செய்யா என்பது அவர் கொள்கை. மலை என்று சொன்னால் கேட்போன் ஒவ்வொருவனும் தான் கண்ட மலைகளையெல்லாம் கொண்டு தனக்குரிய மலையொன்றை ஆக்கிக்கொள்கின்றான். ஓவியன் வரைந்தாலோ அவனுடைய ஒரு மலையே எல்லார்க்கும் ஆகிவிடுகின்றது என்பர். இஃது எளிதில் தள்ளத்தக்க கருத்தன்று. காட்டிங்லிச் சிறுமியர் கதை இதற்கு அரண்செய்கின்றது. ஆயினும், மலையையே காணாத குழந்தைக்கு மலை என்னும் சொல் என்ன தரும்? எம்மூர்ச் சிறுவர் பலர் பொன்னேரிக்கு அப்பாற் சென்றதில்லை. அவர்க்குப் படம் வேண்டும். ஆனால் அப்படம் யாவற்றையும் தானே முடித்துவிடாததாய் இருத்தல் வேண்டும். தேவதையின் முகம் பாதி நிழலில் இருக்கட்டும். காட்டின் உட்புறம் இருண்டு கிடக்கட்டும். பக்கத்தின் ஓரத்தில் ஒரு வால் மட்டும் தெரியட்டும். எஞ்சியதைக் குழந்தை முடித்துக்கொள்ளும். ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வொரு மணிக்கும் மினுமினுப்புத் தூவி, கண்ணிமை மயிர்வரை எண்ணி வரைந்த படத்தில் குழந்தை செய்வதற்கு ஒன்றும் இராது.

இதனைக் கடையிலேயே சோதித்தறிய எளிய வழியொன்று உண்டு. எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுக. கதை ஒருவாறு தெரிய வேண்டும். அதன்மேலும், எழுத்துச் சொல்லாத ஏதேனும் ஒன்று படத்தில் இருக்க வேண்டும். இளவரசி அழுகின்றாள் என்று எழுத்துச் சொல்லும் பக்கத்தில், அவள் அழுவதை மட்டும் காட்டும் படம் எழுத்தின் எதிரொலியே. அவள் காலடியில் எறும்பொன்று சோற்றுப் பருக்கையை இழுத்துச் செல்வதாக வரைந்திருப்பானாயின், அவ்வோவியன் குழந்தையை அறிந்தவன். பத்தாவது முறை படிக்கும்போது அவ்வெறும்பைக் குழந்தை கண்டுபிடிக்கும். அன்று அது அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஓவியர் பெயரே அச்சிடப்பெறாத நூல்கள் பல உள. தம் ஓவியரைப் பெயர் சொல்லவும் மதியாத பதிப்பாளர் குழந்தையின் கண்ணை எங்ஙனம் மதிப்பர்?

ஓவியரை மதித்தமைக்கு அம்புலிமாமா நல்ல எடுத்துக்காட்டு. 1947-இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அவ்விதழ், பக்கந்தோறும் படம் என்னும் முறையைக் கைக்கொண்டது. வேதாளத்தைத் தோளிற் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் அவர்கள் 2020-இல் மறைந்தார், அவ்வுருவம் மறையவில்லை. நம் ஆசிரியர் பலர் இளமையில் அப்படத்தைக் கண்டு நடுங்கியவரே. இதழ் இன்று வெளிவருவதில்லை. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாக மலிந்த விலைக்கு வந்த சோவியத்துச் சிறுவர் நூல்களும் 1991-க்குப் பின் வரவு நின்றன. கோழிக்கால்மேல் நிற்கும் கிழவியின் குடிசையை அந்நாட்டுக் கதைகள் வழியாக அறிந்த பழைய மாணவர்கள் அந்நூல்களை இன்னும் பரணில் வைத்திருக்கக்கூடும்; இறக்கித் தூசு தட்டிப் பேரக்குழந்தைகட்குக் கொடுக்கலாம்.

இன்றைய பதிப்பகங்களுள் சென்னையைச் சேர்ந்த தாரா, தூலிகா என்னும் இரண்டையும் குறிப்பிடாமல் இருக்கவியலாது. தாரா 1994-இலும் தூலிகா 1996-இலும் தோன்றின. தாரா 2006-இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்னும் ஆங்கில நூலில், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் மூவர், இரவில் மரங்கள் கொள்ளும் வடிவங்களை வரைந்துள்ளனர். கருந்தாளின்மேல் கையால் அச்சிட்ட அந்நூலில் கறுப்பு அச்சத்தின் நிறம் அன்று, வியப்பின் நிறம். விலை மிகுதி, மூன்று வயதுக் கைக்கு ஏற்றதும் அன்று. ஆயினும் தேவதையை எங்ஙனம் வரையலாம் என்று கற்க விழைவோர் ஒருமுறையேனும் காணத்தக்கது.

அச்சந்தரும் கதையை அறவே விலக்க வேண்டும் என்பது இக்காலத்துப் பெற்றோர் சிலர் கருத்து. யாம் அதற்கு உடன்படோம். அரக்கன் இல்லாத கதையில் வெற்றியும் இல்லை. ஆனால் அச்சம் தீரும் பக்கம் நூலிலேயே இருத்தல் வேண்டும். குழந்தை அப்பக்கத்தைத் தானே புரட்டி அடையக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். ஆண்டர்சன் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை பேரழகு வாய்ந்தது. எனினும் அவள் குளிரில் இறந்துபோகின்றாள். அதனை எட்டு வயதிற்குமுன் கொடுப்பது எமக்கு உடன்பாடன்று. அளவில் சிறிய பெண்ணாகிய தம்பலீனா கதை நாலு வயதிற்கே பொருந்தும். தவளையும் எலியும் குருவியும் வரும் கதையைக் குழந்தை தன் அளவில் நின்று பார்க்கும்.

எழுத்தைப் பற்றியும் சிறிது கூறுவோம். பக்கத்திற்கு இரண்டு மூன்று வரிகட்கு மேல் வேண்டா. நீண்ட தொகைச்சொற்களும், இக்கட்டுரையில் யாம் எழுதுவது போன்ற நடையும் குழந்தைக்கு ஆகா. வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு இடறினால் நூலை விடுக. ஆங்கிலக் கதையை அப்படியே பெயர்த்த தமிழ் உடனே தெரிந்துவிடும். வாய் அதற்கு இணங்காது. நம் அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிகளாக அமைந்திருப்பது பாராட்டத்தக்கது. பெயர்களே குழந்தைக்குப் புரிகின்றன.

எம்மூர்ப் பகுதியில் மற்றொரு தேவையும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகட்கு ஒடிசா மாநிலத்தினின்று ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். அக்குழந்தைகட்குத் தமிழெழுத்தும் அயல், தமிழோசையும் அயல். படம் ஒன்றே பொது. பிரதம் புக்ஸ் என்னும் அறநிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், ஒரே படக்கதை தமிழிலும் ஒடியாவிலும் கிடைக்கும். விலையின்றி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. தமிழ்ப் பிள்ளையும் ஒடியப் பிள்ளையும் அருகருகே அமர்ந்து ஒரே படத்தைச் சுட்டித் தத்தம் மொழியிற் பெயர் சொல்வதை யாம் கண்டிருக்கின்றோம். ஒருவன் தவளை என்றான். மற்றவன் சொன்னதைப் பிறர் திருப்பிச் சொல்லிச் சிரித்தனர். ஆசிரியர் எவரும் தேவைப்படவில்லை.

இத்துணையும் கேட்டபின், நல்ல படநூல் நாட்கூலி பெறுவோர்க்கு எட்டுமோ என்னும் வினா எழும். தனித்தனியே வாங்க எட்டாது என்பதே விடை. பொது நூலகத்திற்கென விடுதலை பெற்ற இந்தியாவில் முதற்கண் இயற்றப்பெற்றது 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதற்கு அடிகோலியவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற அரங்கநாதன் அவர்கள். படிப்போன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய நூல் என்று 1931-இலேயே விதி வகுத்தவர் அவர். மூன்று வயதுக் குழந்தையும் அவ்விதியுள் அடங்கும். அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலகத்திற்கென ஒரு பங்கு வாங்கப்படுகின்றது. ஆதலின் நம் ஊரார் இந்நூல்களுக்கு விலையை முன்னரே செலுத்திவிட்டனர். வேண்டும் நூலின் பெயரும், எழுதியோர் பெயரும், ஓவியர் பெயரும், பதிப்பகமும் ஒரு தாளில் எழுதிக் கிளை நூலகரிடம் கொடுப்பதே எஞ்சிய வேலை. இவ்விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், தாம் செல்லும் ஊர் நூலகத்தில் குழந்தைகட்குரிய அடுக்கு எங்குள்ளது என்று பாருங்கள். அது பெரியோர் தோளுயரத்தில் இருப்பின், கீழ்த்தட்டிற்கு இறக்கி வைக்குமாறும் அத்தாளிலேயே எழுதிவிடலாம்.